செத்தவளோடு கதைக்கப் பெட்டி இருக்கும் காலத்தில் பேய்க்கு என்ன வேலை?

நாவலடிக்காற்று

எல்லாருக்கும் வணக்கம். ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதியில் முட்டுப்பட்டு நிற்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலம் 2061. இடம் நம்ம மட்டக்களப்பு. கோகுலனும் வதனியும் நாவலடியில் பக்கத்துப் பக்கத்து வளவில் வளர்ந்தவர்கள். ஒன்றாகக் கரையில் ஊரி (சின்னச் சிப்பி) பொறுக்கி, ஒன்றாக அடி வாங்கி, ஒரே பேணியில் தேத்தண்ணி குடித்து வளர்ந்த சோடி. பதினொரு வயதில் அவன் குடும்பத்தோடு கனடா போய்விடுகிறான். இருபது வருஷம் கழித்து, முப்பத்தொரு வயதில் திரும்பி வருகிறான். இதற்கிடையில் நாவலடியைக் கடல் கொண்டுபோய், அங்கிருந்த சனம் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் போய்க் குடியேறிவிட்டது. அவன் குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவைப் படகு) ஏறி மண்டூருக்குப் போகிறான் (அப்போதும் பாதை ஓடும், ஆனால் சோலாரில், ஆளில்லாமல் தானாக). பக்கத்தில் வந்து நிற்கிறவள் வதனி. கரை வரும்வரைக்கும் கதைக்கிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், அவனுக்கு நெஞ்சு என்னவோ செய்கிறது. மறுநாள் வீடு தேடிப் போனால் மாலை போட்ட படம். அவள் வாவியில் தோணி கவிழ்ந்து செத்து மூன்று வருஷம்.

இது வரைக்கும் சரி. பிரச்சினை என்னவென்றால், நான் எழுதும் 2061இல் வீட்டுக்கு வீடு ‘நினைவுப் பெட்டி’ இருக்கிறது. செத்தவர்களின் வொய்ஸ் மெசேஜ், வீடியோ, எழுதினது எல்லாவற்றையும் போட்டுவிட்டால் அது அச்சொட்டாக அவர்கள் மாதிரியே கதைக்கும். வதனியின் அம்மாவும் ஒன்று வைத்திருக்கிறார். அப்படியென்றால் பேயாக வருகிற வதனி எதற்கு? “பெட்டியோடயே கதைச்சிட்டுப் போகலாமே” என்று வாசிக்கிறவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

முடிவுக் காட்சியை 2061 டிசம்பர் 26 இரவுக்கு வைத்திருக்கிறேன். பறுவம், முழு நிலா. நகரம் முழுக்கத் தண்ணீருக்குள், நம்ம வாவியின் பாடும் மீன் பாடுகிறது, கல்லடிப் பழைய பாலத்தின் மேல் இரண்டு பேரும். சுனாமி வந்த நாளும் பறுவம்தானே, அதனால்தான் அந்தத் தேதி. பிழை இருந்தால் சொல்லுங்கள், ஏசாமல்.

சவள்காரன்

தம்பி, மார்கழியில் மீன் பாடாது.

தோணி இருந்த வீட்டில் பிறந்தவன் என்பதால் சொல்கிறேன். சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்கும், வாவி அசையாமல் கிடக்கும் நாட்களில், பறுவத்தை ஒட்டின இரவுகளில்தான் அந்தச் சத்தம். மாரி தொடங்கி வெள்ளம் இறங்கித் தண்ணீர் கலங்கினால் போச்சு. எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்காரன் 1848இல் இங்கே வந்து விசாரித்து, தானும் கேட்டு எழுதி வைத்தது செப்டெம்பரில். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வருகிற சத்தம் போல இருந்தது என்று எழுதினான். நம்ம ஆட்கள் அவனிடம் மீன் என்று சொல்லவில்லை, ஊரி அழுகிறது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அது மீனா ஊரியா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை, அது கிடக்கட்டும்.

இன்னொன்று. பாலத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்கிற சத்தம் இல்லை அது. சவளின் (துடுப்பின்) அகன்ற பக்கத்தைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு மற்ற நுனியைக் காதோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். முதலில் கேட்பது உங்கள் நெஞ்சடிப்புத்தான். நான் சின்னப் பொடியனாக இருக்கும்போது எங்கள் அப்பா “மூச்சை விடு, விட்டுட்டு எடுக்காத” என்பார். அப்படியே இருந்தால் கீழே எங்கேயோ ஒரு தடித்த நரம்பை யாரோ சுண்டிவிட்டது போல ஒன்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. தலையை எடுத்தால் ஒன்றும் இல்லை, காதில் மரத்தின் ஈரமும் உப்பும்தான். திரும்ப வைத்தால் அது இடம் மாறியிருக்கும். அப்பா என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டதா இல்லையா என்று கண்டுபிடிப்பார், வாயால் கேட்க மாட்டார்.

1950களில் இங்கே இருந்த இயேசு சபைச் சாமி ஒருவர் இதை ஒலிப்பதிவே செய்திருக்கிறார். பதிவைக் கேட்டால் சத்தம் தெளிவுதான், ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்த அந்த நேரம் அதில் இல்லை. உங்கள் கேள்விக்கு ஒரு பதில் இதற்குள் கிடக்கிறது என்று நினைக்கிறேன். பாதையில் ஏறினால் வதனியைக் காணட்டும். தோணியில் போனால் சவள் வழியாக மட்டும், அதுவும் அவள் நினைத்தால் மட்டும் கேட்கட்டும்.

பாக்குவெட்டி

நல்ல கதை. ஆனால் அந்த மாலை போட்ட படத்தைத் தூக்கிப் போடுங்கோ. வழியில் பொம்பிளையைக் கண்டு கதைத்து, மறுநாள் வீட்டுக்குப் போனால் செத்து வருஷக்கணக்கு என்ற கதையை எங்கள் காரைதீவிலே மாட்டுவண்டில் ஓடின காலத்தில் இருந்து சொல்கிறார்கள். பிறகு பஸ்ஸில் நடந்ததாகச் சொன்னார்கள், இப்போது ஓட்டோவில் நடக்கிறதாம். உங்கள் வாசகர் இரண்டாம் பந்தியிலேயே கண்டுபிடித்துவிட்டு, கோகுலன் எப்போது கண்டுபிடிப்பான் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அவனுக்கு முதலே தெரிந்திருக்கட்டும். செத்த வீட்டுக்கு வர முடியாமல் போனவன், மூன்று வருஷம் கழித்துப் பெட்டியோடு கதைக்கத்தான் வருகிறான். வரும் வழியில் பாதையில் அசல் ஆள் நிற்கிறாள். அவளுக்குக் கோபம். “என்னைப் பார்க்க வந்தியா, அந்தப் பெட்டியைப் பார்க்க வந்தியா?” பேய்க்குத் தன் நகலில் பொறாமை. இதை விட்டுவிட்டு நீங்கள் ஏன் பாலத்துக்குப் போகிறீர்கள்?

பாலம் என்றதும் ஒன்று. பேய்க்கு இரும்பு ஆகாது. நான் பெரிசானபோது அம்மம்மா பாக்குவெட்டியைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுக்கவிட்டா, பின்வளவுக்குப் போனாலும் அது கையில் இருக்க வேண்டும். பித்தளைப் பிடி, இரும்பு வாய், விரலில் துருவும் பாக்குக் கயரும் மணக்கும். (என் பெயருக்குக் காரணம் விளங்கியிருக்கும்.) கல்லடிப் பழைய பாலம் முழுக்க இரும்பு. வதனி அதில் கால் வைக்கவே மாட்டாள். 2013இல் திறந்த புதுப் பாலம் கொங்கிரீட். கரையில் இருந்து பார்த்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். அவன் பழையதிலும் அவள் புதியதிலும் நடந்துகொண்டு கதைப்பது போல எழுதினால் எப்படி இருக்கும்?

வீட்டையும் மறக்க வேண்டாம். நம்ம பக்கத்தில் வீடு வளவு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான் போகும், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வதனி ஒரே பிள்ளை என்றால் அவள் போன பிறகு அந்த வீடு யாருக்கு? அம்மா பெட்டியை வைத்திருப்பது ஏக்கத்தால் மட்டும் இருக்காது. வீட்டுக்கு ஒரு மகள் வேண்டும். அந்த அம்மாவை மூலையில் அழவிட்டு வைக்காமல் கொஞ்சம் கதைக்க விடுங்கோ.

கரையோரத்தான்

நான் ஏசவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்கவும் ஏலாது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. போயா (பறுவ நாள்) விடுமுறை. எங்கள் வளவில் மிஞ்சினது கிணற்றுக்கட்டு மட்டும், அதுவும் சாய்ந்து. யார் யார் போனார்கள் என்று இங்கே எழுத மாட்டேன். அந்தத் தேதியை முத்தக் காட்சிக்குப் பிடிக்கிற பெற்றோல்மாக்ஸ் மாதிரிப் பாவிக்க வேண்டாம். கோகுலனும் வதனியும் பிறக்கிறதே 2030இல், அவர்களுக்கும் அந்த நாளுக்கும் என்ன தொடர்பு? நிலாவுக்காக மட்டும்தானே எடுத்தீர்கள்?

நாள் வேண்டுமென்றால் வேறு தருகிறேன். மாரியில் வாவி நிரம்பி வயலும் வீடும் மூழ்கப் போகிற நேரம் முகத்துவாரம் வெட்டுவார்கள். மணல்திட்டில் முதலில் ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால் மாதிரித்தான் ஓடும், பிறகு தண்ணீரே கரையை அரித்து அரித்து அகலமாக்கி ஒரே இரைச்சலாகக் கடலுக்குள் இறங்கும். பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களை நாலு தரம் பின்னால் தள்ளிப் போகச் சொல்வார்கள். வாவியில் செத்தவள் அதுவரைக்கும் வாவிக்குள் அடைபட்டிருக்கிறாள். வாய் திறந்தால் போக வேண்டியதுதான். ஊர் முழுக்க வெட்டு வெட்டு என்று நிற்கும், இவன் ஒருவன்தான் வெட்ட வேண்டாம் என்பான், காரணமும் சொல்ல முடியாது.

நாவலடிக்காற்று

முதலில், தம்பி இல்லை, தங்கச்சி.

கரையோரத்தான் அண்ணா, மன்னிக்க வேண்டும். நீங்கள் கேட்டது சரி, நிலாவுக்காகத்தான் எடுத்தேன். அந்தத் தேதியை விட்டுவிட்டேன். முகத்துவாரத்தை எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் சம்மதித்தால்.

பாக்குவெட்டி அக்கா, அந்தப் பொறாமையை வாசித்துவிட்டு இரவு நித்திரையே இல்லை. ஆனாலும் என் கேள்வி பாதிதான் தீர்ந்திருக்கிறது. பொறாமைப்படலாம், சரி, ஆனால் பெட்டியும் ‘நான்தான் வதனி’ என்று சொன்னால்? இரண்டு பேருக்கும் ஒரே குரல், ஒரே பகிடி. கோகுலன் எதை வைத்து நம்புவான்?

மறுகா வாறன்

நான் கணக்குக் கேஸ், காதலைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது, தெரிந்ததைச் சொல்கிறேன்.

தங்கச்சி விட்டுவிட்ட தேதி கணக்குக்குச் சரி. பறுவம் 19 வருஷத்துக்கு ஒருமுறை கிட்டத்தட்ட அதே தேதிக்குத் திரும்பும். 2023 டிசம்பர் 26உம் போயாதான், கலண்டரைப் பாருங்கள். 2042, பிறகு 2061. இது தெரிந்தா வைத்தீர்கள், இல்லை குருட்டு வாக்கா?

நகரம் முழுக்கத் தண்ணீருக்குள் என்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கையின்படி உலகச் சராசரிக் கடல்மட்டம் 2100இல் ஏறக்குறைய 0.28இலிருந்து 1.01 மீட்டர் வரை உயரலாம், நாம் எவ்வளவு புகை விடுகிறோம் என்பதைப் பொறுத்து. உங்கள் கதை அதற்கும் நாற்பது வருஷம் முந்தியது. ஆகவே பஸ் நிலையத்துக்கு மேலால் தோணி விட ஏலாது. நாவலடி மாதிரிக் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற மணல்நாக்குப் போகலாம், நம்பலாம். மற்றப் பக்கமெல்லாம் மெதுவாகத்தான் தெரியும். கிணறு உவராகும், தேத்தண்ணியில் சாடையாக உப்பு வரும், படுவான்கரையில் வாவியை ஒட்டின வட்டையில் நெல் மஞ்சளாகி நிற்கும், ஒருநாள் வயல் சொந்தக்காரரான போடியார் விதைக்கவில்லை என்று கேள்விப்படுவோம். எனக்கென்றால் மூழ்கின நகரத்தை விட இதுதான் பயம்.

பெட்டிக்கு 2061 வரைக்கும் போகவே தேவையில்லை. 2016இலேயே யூஜீனியா குய்டா என்பவர் இறந்துபோன நண்பருடைய பழைய மெசேஜ்களைக் கொண்டு அவர் மாதிரிப் பதில் சொல்கிற பொட் ஒன்றைச் செய்தார். 2020இல் தென்கொரியத் தொலைக்காட்சியில் ஒரு தாய், கண்ணில் மெய்நிகர்க் கருவியை மாட்டிக்கொண்டு, இறந்த மகளின் உருவத்தோடு கதைத்தார். இரண்டிலும் சூத்திரம் ஒன்றுதான்: பதிவானதை வைத்துப் பதிவாகாததை ஊகிக்கிறது. அதனால் பெட்டி ஒருநாளும் ‘தெரியாது’ என்று முழிக்காது. கேட்டதற்கெல்லாம் எதையாவது அழகாகச் சொல்லும், நீங்கள் விரும்புகிற பக்கமாகவே சாயும்.

இதைத் திருப்பிப் போடுங்கள். பதிவானது எல்லாம் பெட்டிக்குப் போய்விட்டது, பதிவாகாத மிச்சம்தான் பேய். வதனிக்குத் தான் அனுப்பின ஒரு வொய்ஸ் மெசேஜும் ஞாபகம் இல்லை. வேலை, படித்த படிப்பு, வட்ஸ்அப்பில் யாரோடு சண்டை, ஒன்றும் இல்லை. பெரிய ஆளான பிறகு நடந்ததில் முக்கால்வாசி ஓட்டை. போன் கையில் இல்லாத வயது மட்டும் முழுசாக இருக்கிறது. பெட்டிக்கு அந்தப் பக்கம் வெறும் இருட்டு. இப்போது கோகுலனுக்கு இரண்டு பேரும் வேண்டும், ஏனென்றால் இருபது வருஷம் அவன் தவறவிட்டது பெட்டியிடம் இருக்கிறது, அவன் வைத்திருப்பது அவளிடம் இருக்கிறது. மூன்று பேரும் ஒரு அறையில் இருந்து கதைக்கிற காட்சி ஒன்று வர வேண்டும். எழுதுகிற ஆள் நான் இல்லை, தப்பினேன்.

பிற்குறிப்பு: பாக்குவெட்டி அக்கா, கொங்கிரீட்டுக்குள்ளும் கம்பி இருக்கு.

பாக்குவெட்டி

கம்பி மூடிக் கிடக்குதே தம்பி. பாக்குவெட்டியைச் சீலைத் தலைப்பில் சுற்றி வைத்தால் வேலை செய்யுமா செய்யாதா என்று அம்மம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும், இப்போது கேட்க வழி இல்லை. கதைக்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொள்ளட்டும்.

என்னகா தங்கச்சி, இன்னொன்றை விட்டுவிட்டாய். இரண்டு பேரும் என்ன குடி, அதாவது தாய்வழிக் குலம்? ஒரே குடி என்றால் அண்ணன் தங்கச்சி முறை, கதை அங்கேயே முடிந்தது. 2061இல் யார் குடி பார்க்கிறான் என்று கேட்பாய். பார்ப்பார்கள். தாய்வழியாக வருகிற விசயம் அவ்வளவு கெதியில் போகாது, அக்கரைப்பற்று காத்தான்குடியில் இருக்கிற எங்கள் முஸ்லிம் ஆட்களிடமும் குடி இருக்கிறது. அந்த அம்மா கோகுலனைக் கண்டதும் தண்ணீர் கொடுத்து, வெற்றிலை வட்டாவை முன்னால் வைத்துவிட்டு முதல் கேட்கிற கேள்வி அதுவாகத்தான் இருக்கும். செத்துப்போன மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது போலச் சிரிக்காமல் கேட்பா.

வந்தவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் நம்மளைச் சொல்கிற கதை தெரியும்தானே. வந்த மாப்பிள்ளை பெண் வீட்டிலேயே தங்கிவிடுவதைக் கண்டுதான் மந்திரம் என்று சொல்லியிருப்பார்கள் என்பது என் எண்ணம். கனடாவில் இருந்து ஒரு கிழமைக்கு வந்தவன் மாரி தொடங்கியும் போகவில்லை என்றால் அவன் சொந்தக்காரர்கள் ரொறன்ரோவில் இருந்து போன் எடுத்து இதைத்தான் கேட்பார்கள். அவன் படுக்கிறது வதனியின் பாயில்.

விபுலாநந்த அடிகள் எங்கள் ஊரில் பிறந்தவர், பாடும் மீனை நீரரமகளிர் என்று பாடி வைத்திருக்கிறார். தேடி வாசி. ஆனால் உன் வதனியை அப்படி அழகாக்காதே. அவள் ஏசட்டும்.

நாவலடிக்காற்று

மறுகா வாறன், குருட்டு வாக்குத்தான்.

இரண்டு நாளாக இருந்து எழுதிப் பார்த்தேன். தொடக்கத்தை வைகாசிக்கு மாற்றிவிட்டேன், கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற நேரம், பறுவம், மீனும் பாடும். முடிவு முகத்துவாரம் வெட்டுகிற அன்று. அம்மா குடி கேட்கிறா, வேறு வேறு குடி, அவனுக்கு வருகிற நிம்மதியைப் பார்த்து அவனுக்கே வெட்கம். பாலக் காட்சியைத் தூக்கிவிட்டேன், கம்பிப் பிரச்சினையைத் தீர்க்க என்னால் முடியாது. நடுவில் வருகிற துண்டு ஒன்றைக் கீழே போடுகிறேன்:

பெட்டியிடம் அவன் கேட்டான், “நாவலடி ஞாபகம் இருக்கா?”

“ஏன் இல்லாம? எவ்வளவு சந்தோசமா இருந்தம். கடற்கரை, விளையாட்டு, நீ, நான்.” வதனியின் குரல்தான். சிரிப்பு முடிகிற இடத்தில் வருகிற அந்தச் சின்ன விக்கல் கூட.

“என்ன விளையாட்டு?”

“எல்லாம்தான்” என்றது பெட்டி, அன்பாக.

அன்றிரவு அவன் தோணியைத் தள்ளிக்கொண்டு போனான். சவளை இறக்கிக் காதை வைத்தான். நெடுநேரம் ஒன்றும் இல்லை. மூச்சை விட்டான், எடுக்கவில்லை.

“என்ட ஊரிப் பேணி எங்கடா?”

பால்மாப் பேணி. மூடியில் ஆணியால் அவள் பெயர் கீறியிருந்தது. போகிறபோது கொடுக்க மனமில்லாமல், கொண்டுபோகவும் பயந்து, யாருக்கும் சொல்லாமல் ஒளித்தது. இருபது வருஷமாக அவனே நினைக்காதது.

“புதைச்சிட்டுத்தான் போன. தாழைக்குக் கீழ.” தொண்டை அடைத்தது. “அவடமெல்லாம் இப்ப கடல், வதனி.”

“தெரியும்” என்றாள். “நான்தான் எடுத்த.”

கரையோரத்தான்

முகத்துவாரத்தை எடுத்துக்கொள்ளுங்கோ.

சவள்காரன்

தங்கச்சி, வைகாசியில் கச்சான் காற்று அடிக்கும். பின்னேரம் தோணியைத் தள்ளினால் சவளைக் காதில் வைக்க விடாது, அலை தட்டுகிற சத்தம்தான் கேட்கும். காற்று விழுந்த பிறகு, சாமம் தாண்டி வை. தோணியில் அவன் தனியாகப் போகிறான் என்றால் பின்னணியத்தில் (தோணியின் பின்முனையில்) இருக்க வேண்டும், நடுவில் இருந்தால் முன்பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். மற்றதில் கை வைக்காதே.